கேப்டன் ட்ரைப்பும் எங்கள் வீட்டுப் பால் கணக்கும்

எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் மொத்தம் பதினோரு பேர். அதில் ஆறு பேர் போட்டோகிராபர்கள். மீதி ஐந்து பேர், இந்த ஆறு பேர் எடுத்த படங்களைப் பார்த்து "பிரமாதம் சார்" என்று சொல்வதற்காகவே பிறந்தவர்கள்.

நான் ஆறில் ஒருவன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், ஆரம்பித்துவிடும். ஃபுல் ஃப்ரேமா, க்ராப் சென்சாரா? ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்குவதா, ஜூம் வாங்குவதா? உள்ளே சாம்பாரா ரசமா என்று கூடப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்போம். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரிடம்தான் காமிராவே இருந்தது. நான் அந்த இரண்டில் இல்லை.

வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தேன். மாடல்களை நோட்டில் பத்தி பிரித்து எழுதினேன். ஒன்றை முடிவு செய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. "எனக்குப் பெண் பார்க்க வந்தப்போ பத்து நிமிஷத்தில் சரின்னீங்களே!" என்றாள் மனைவி. (பதில் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் ஆபத்து.)

அந்த இரண்டு வருஷத்தில்தான் அந்த விஷயம் நடந்தது.

மயிலாடுதுறைப் பக்கம் எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் சமையலறைச் சுவரில் என் பாட்டி எழுதிய பால் கணக்கு இருந்தது. கரித்துண்டால் எழுதியது. ஆழாக்குக்கு ஒரு கோடு. விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கினால் பக்கத்தில் ஒரு புள்ளி. மாதம் முடிந்தால் அடியில் நீளமாக ஒரு கோடு, அதன் கீழே பாக்கி எவ்வளவு என்று ஓர் எண். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வரும் ஆளிடம், "இந்த முழ அகலத்தைத் தொட்டே, கையை ஒடிப்பேன்" என்பாள் பாட்டி. அவள் போய்ப் பல வருஷம் ஆனபிறகும் யாரும் அதைத் தொடவில்லை.

அதைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் போனிலா எடுப்பது? இருட்டுச் சமையலறை... நல்ல சென்சார் இருந்தால் அல்லவா கரியின் நெளிவு சுளிவெல்லாம் வரும்! காமிரா வாங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று, போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையில் போன் இருந்தது.

வீடு விலை போயிற்று. வாங்கியவர் நல்ல மனிதர்தான். சொன்ன தேதிக்குப் பணம் கொடுத்தார், சொன்ன தேதிக்கு இடித்தார். காமிராவுக்கு என் முதல் தவணை போனது அதற்கு மூன்று மாதம் கழித்து.

அப்புறம் அந்தக் காமிரா என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இரண்டு கல்யாணம், ஒரு மகாபலிபுரம், அவ்வளவுதான். பீரோவில் போய் உட்கார்ந்துகொண்டது. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவேண்டும். நான் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். ரிப்பேர்க் கடைக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார்.

இந்த நிலைமையில்தான் கேப்டன் ட்ரைப் எனக்கு அறிமுகம் ஆனார்.

செக்ஷன் நண்பர் ஒருவர் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மதுரை, 1858. திருமலை நாயக்கர் மஹால், பழுது பார்ப்பதற்கு முன்பு, இடிந்து கிடந்த கோலம். அவ்வளவு பெரிய இடத்தில் ஈ காக்காய் இல்லை. ஊரையே காலி பண்ணிவிட்டு எடுத்தாரா என்று தோன்றியது. காரணம் வேறு. அந்தக் காலத்து நெகடிவில் படம் பதிய நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்கவேண்டும். நடந்து போகிறவன் பதியவே மாட்டான். தூண் அசையாது, பதிந்துவிடும்.

எடுத்தவர் லினேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தவர். லீவில் ஊருக்குப் போனபோது போட்டோகிராபி கற்றுக்கொண்டார். (நாம் லீவில் போனால் தூங்கக் கற்றுக்கொள்கிறோம்.) திரும்பி வந்து 1854-ல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களை எடுத்தார். 1855-ல் பர்மா ராஜாவிடம் போன தூதுக்குழுவோடு போய், அங்கிருந்து 120 படங்கள் கொண்டுவந்தார். அதன் பிறகு சென்னை மாகாணத்தின் அரசாங்க போட்டோகிராபர் என்று ஒரு பதவியே கொடுத்தார்கள். 1857 டிசம்பரில் புறப்பட்டார். வடக்கே கலகம் எரிந்துகொண்டிருக்க, இவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார்.

அவருடைய சாமான்களைச் சொல்லவேண்டும். நெகடிவ் என்பது ஃபிலிம் அல்ல, காகிதம். அதில் மெழுகைத் தேய்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஊற வைத்து, ரசாயனத்தில் முக்கி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்துக் காயவைக்க வேண்டும். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1851-ல் வெளியிட்ட முறை இது. அவருடைய பக்குவத்தில் அரிசித் தண்ணீர் கூட உண்டு! கண்ணாடி நெகடிவ் என்றால் பூசிய ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், சாவகாசமாகக் கழுவலாம். ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் தோது. படத்தைப் பெரிதுபடுத்தும் வழக்கம் இல்லை. நெகடிவ் எந்த அளவோ, பிரிண்ட் அந்த அளவு. இவர் படங்கள் ஏறக்குறைய 10-க்கு 14 அங்குலம். காமிரா எவ்வளவு பெரிய பெட்டியாக இருந்திருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காகித நெகடிவில் வானம் வெறும் வெள்ளையாக, திட்டுத் திட்டாக வரும். ட்ரைப் சளைக்கவில்லை. நெகடிவிலேயே வர்ணம் தடவி மேகம் வரைந்துவிட்டார். 'எடிட் பண்ணாத படம்தான் ஒரிஜினல்' என்று சண்டை போடும் எங்கள் செக்ஷன்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என்னை உலுக்கியது அவருடைய தஞ்சாவூர்ப் படம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜன் வெட்டிவைத்த எழுத்துகள் ஓடுகின்றன அல்லவா, அதை எடுக்கவேண்டும். ஒரு படத்தில் அடங்காது. ட்ரைப் காமிராவைச் சுவரை ஒட்டி நகர்த்தி நகர்த்தி, துண்டு துண்டாக எடுத்தார். 21 பிரிண்ட்டுகளை ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி! அந்த எழுத்துகளை ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து அச்சிட ஆரம்பித்தது 1891-ல். அதாவது, படித்து அச்சில் வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பட்டாளத்துக்காரர் அதைக் காகிதத்தில் பத்திரப்படுத்திவிட்டார்.

1859-ல் சென்னைக்குப் புது கவர்னர் வந்தார், சர் சார்லஸ் ட்ரெவெல்யான். சிக்கனப் பேர்வழி. கஜானா இருக்கும் நிலையில் போட்டோகிராபி எல்லாம் ஆடம்பரம் என்று கத்தரியைப் போட்டார். ட்ரைப்பின் பதவி காலி. அடுத்த வருஷமே கவர்னரின் பதவியும் போயிற்று. இந்தியாவில் புதிதாக வருமான வரி கொண்டுவரும் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார் என்று லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. மாதா மாதம் டி.டி.எஸ். பிடிபடும் நான் இவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்றுவரை தெரியவில்லை.

ட்ரைப் அதற்குப் பிறகு காமிராவைத் தொட்டது மிகக் குறைவு. 1902-ல் காலமானார். அவருடைய படங்களை மட்டும் வைத்து வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று ஒரு பெரிய கண்காட்சி சுற்றிவந்தது 2014-15-ல்.

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். காமிரா ரிப்பேர்க் கடையில். கையில் போன்தான்.

முதலில் சோம்பேறித்தனமாக 'பனோரமா'வை அழுத்திவிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். ஒரு குழந்தைக்கு மூன்று கால், கல் வரிசை படிக்கட்டு மாதிரி. நின்ற இடத்திலிருந்து திரும்புவதற்காகச் செய்த வசதி அது, நடந்தால் குழம்பிவிடுகிறது. சரி, ட்ரைப் வழிதான் என்று, தரையில் கல் பாவிய கோட்டைப் பிடித்துக்கொண்டேன். கோடு விலகாமல் நின்றால் சுவருக்கும் எனக்கும் தூரம் மாறாது. ஒவ்வொரு படத்திலும் முந்தியதன் ஓரம் கொஞ்சம் வரவேண்டும். வெயில் நேராக விழுந்தால் எழுத்து தெரிவதில்லை. சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும்போது, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் உட்கார்ந்து பளிச்சென்று படிக்க வருகிறது. அதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

"சார், ஸ்டாண்டு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? அதுக்குப் பர்மிஷன் வேணும்" என்றார் காவலாளி. வெறும் கையைக் காட்டினேன். "அப்ப எதுக்கு சார் செவுத்தையே எடுக்கறீங்க? கோபுரம் அந்தப் பக்கம்" என்றார்.

அம்மா நிழலில் உட்கார்ந்து, அங்கே என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். ராஜராஜன் கொடுத்தது, அவன் அக்கா கொடுத்தது, ராணிகள் கொடுத்தது என்று ஆரம்பித்து எல்லாம் கணக்கு. நகைக்கு எடை, முத்துக்கு எண்ணிக்கை. இந்தக் கோயில் கல்வெட்டுகளில் விளக்குக் கணக்கு கூட உண்டு. ஒரு விளக்கு அணையாமல் எரிய தினமும் ஓர் உழக்கு நெய். அதற்கு ஆடு என்றால் 96, பசு என்றால் 48, எருமை என்றால் 16.

"உழக்குன்னா ரெண்டு ஆழாக்கு" என்றாள் அம்மா. அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

சென்னை வந்து 21 படங்களையும் பிரிண்ட் போட்டேன். ஸ்டூடியோப் பையன் பில்லை நீட்டியபடி, "எல்லாம் ஒரே படம் மாதிரி இருக்கே சார், பரவாயில்லையா?" என்றான். ஹாலில் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஓரம் சேரவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது. மனைவி தாண்டித் தாண்டிப் போனாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நகர்ந்து நகர்ந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, கடைசி மாசம் மாட்டுக்காரருக்குப் பதினாலு ரூபா பாக்கின்னு அத்தை எழுதி வெச்சிருந்தாங்க. அதைக் குடுத்து முடிச்சோமா, இல்லியா? முடிச்சிருந்தா பக்கத்துல ஒரு சுழி போட்டிருப்பாங்க. நீதான் போறப்பல்லாம் அந்தச் சொவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பியே... சுழி இருந்துதா?"

எனக்கு ஞாபகம் இல்லை.