எதுக்கும் இருக்கட்டும்!

பி.காம். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ஃபேக்டரியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில். சேர்ந்த மூன்றாவது மாதமே கம்பெனியை லாபத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவெடுத்தேன். (அந்த வயசில் எல்லோருக்கும் வருகிற ஜுரம்தான்.) ஸ்டோர்ஸுக்குப் போய், பத்து வருஷமாக யாரும் தொடாத சாமான்களை லிஸ்ட் எடுத்தேன். அதில் ஒரு பழைய டீசல் பம்ப்செட். உடம்பெல்லாம் துரு. உள்ளே சிலந்திகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

ஸ்டோர்கீப்பர் பெரியவர். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி. தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அது மட்டும் எதுக்கும் இருக்கட்டும் தம்பி..."

"எதுக்கு சார்?"

"எதுக்கும்தான்."

இதெல்லாம் ஒரு பதிலா? 'எதுக்கும்' என்று லெட்ஜரில் ஒரு தலைப்பு உண்டா? எடைக்குப் போட்டுவிட்டேன். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், என்னைப் போலவே எடைக்குப் போட்ட இன்னொரு ஆசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜான் ரைலி. அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். அவர் எடைக்குப் போட்டது ஐந்து இரும்புக் குழாய்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். மலைப் பிரதேசம். அங்கே சவுத் ஃபோர்க் என்ற இடத்தில், படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் விடுவதற்காக மாநில அரசாங்கம் ஒரு மண் அணை கட்டியது. உயரம் 72 அடி. நீளம் சுமார் 930 அடி. தேங்கும் தண்ணீர் நம் கணக்கில் கிட்டத்தட்ட அரை டி.எம்.சி. 93 டி.எம்.சி. பிடிக்கிற மேட்டூரோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு குழந்தை. அணையை 1853-ல் கட்டி முடித்தார்கள். அதற்குள் அந்தப் பக்கம் ரயிலே வந்துவிட்டது! கால்வாயை யார் சீண்டுவார்கள்? நாலே வருஷத்தில், 1857-ல், கால்வாய், அணை எல்லாவற்றையும் சேர்த்து ரயில்வே கம்பெனியின் தலையில் கட்டினார்கள். 1862-ல் அணையில் ஒரு பகுதி இடிந்தது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதமில்லை. ஓட்டை அப்படியே கிடந்தது.

1875-ல் ரைலி இதை 2,500 டாலருக்கு வாங்கினார். 1879-ல் 2,000 டாலருக்கு விற்றார். ஐந்நூறு நஷ்டம். மனுஷன் சும்மா விடுவாரா? அணையின் அடிவயிற்றில், தண்ணீரை வெளியே விடுவதற்கென்று ஆளுக்கு இரண்டடி விட்டத்தில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. அவற்றைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றார். ஒரு அக்கவுண்டண்டாக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நஷ்டத்தைக் குறைப்பது நல்ல நிர்வாகம். உடைந்த அணைக்குக் குழாய் எதற்கு?

கிராமத்து ஆசாமிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரி என்றால் மதகு வேண்டும், வேண்டியபோது திறந்துவிட. கலங்கல் வேண்டும், மிஞ்சின தண்ணீர் தானாக வழிய. கரை இந்த இரண்டையும்விட உயரமாக இருக்க வேண்டும். ஏனென்றால் கருங்கல் அணைமேல் தண்ணீர் வழிந்தால் வேடிக்கை பார்க்கலாம். மண் கரைமேல் வழிந்தால் ஓட வேண்டும். மண்ணை அரித்து அரித்துத் தனக்கே வழி வெட்டிக்கொள்ளும். ரைலி விற்றது மதகை.

வாங்கியவர் பெஞ்சமின் ரஃப். அவருக்கு ஒரு ஐடியா இருந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தில் இரும்பாலைப் புகைக்கு நடுவே கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்குக் கோடையில் காற்று வாங்க ஒரு இடம் வேண்டாமா? அணையை அடைத்து, ஏரியை நிரப்பி, ஒரு கிளப் ஆரம்பித்தார். மீன்பிடிக்க, வேட்டையாட, படகு விட. உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் மூச்சு நிற்கும். ஸ்டீல் ராஜா ஆண்ட்ரூ கார்னகி, நிலக்கரியில் கொழித்த ஹென்றி ஃப்ரிக், பாங்க் முதலாளி ஆண்ட்ரூ மெல்லன்... 47 ரூம் வைத்த கிளப் ஹவுஸ், கரையோரம் காட்டேஜ்கள், ஏரியில் சின்ன நீராவிப் படகுகள்.

அணையை ரிப்பேர் செய்த விதத்தைக் கேளுங்கள். மேற்பார்வை பார்த்தவர் இன்ஜினீயர் அல்ல. கல், மண், செடி கொடி, வைக்கோல், கைக்குக் கிடைத்ததெல்லாம் ஓட்டைக்குள் போயிற்று. பிடுங்கின குழாய்களுக்குப் பதில் புதுக் குழாய் போடவில்லை. அணைமேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் பத்தவில்லை என்று, மேல்பகுதியை இரண்டு மூன்று அடி வெட்டி அகலமாக்கினார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்ட பாஸ் மீன்கள் கலங்கல் வழியாகக் கம்பி நீட்டிவிடக் கூடாதே என்று அங்கே இரும்புத் தடுப்பு வைத்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவுமே கொலைக் குற்றம் இல்லை. நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அணைக்குக் கீழே, பதினாலு மைல் தள்ளி, சுமார் 450 அடி பள்ளத்தில் ஜான்ஸ்டவுன். இரும்பாலைத் தொழிலாளர்கள் ஊர். சுற்றுப்பட்டையும் சேர்த்து முப்பதாயிரம் ஜனம்.

அங்கே கேம்ப்ரியா இரும்பாலையின் தலைமை நிர்வாகி டேனியல் மாரல் விவரமான ஆள். 1880-ல் தன் இன்ஜினீயர் ஜான் ஃபுல்டனை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். ஃபுல்டன் எழுதிய ரிப்போர்ட்டின் சாரம்: கரையில் கசிவு இருக்கிறது; தண்ணீரை இறக்க வழியே இல்லாததால் ரிப்பேர் செய்யவும் முடியாது. மாரல் அதைக் கிளப்புக்கு அனுப்பினார். ரஃபிடமிருந்து பதில் வந்தது. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதத்தின் வாசனை தெரிந்திருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள விவரங்கள் தப்பு, ஆகவே முடிவும் தப்பு, எங்களால் உங்களுக்கோ உங்கள் ஜனங்களுக்கோ ஆபத்து கிடையாது. முற்றுப்புள்ளி!

மாரல் விடவில்லை. செலவில் நாங்களும் பங்கு தருகிறோம், அணையைச் சரி செய்யுங்கள் என்றார். வேண்டாம் என்றார்கள். கடைசியில் பாவம், உள்ளே இருந்தாவது ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கிளப்பிலேயே மெம்பராகச் சேர்ந்தார். 1885-ல் காலமானார். 1887-ல் ரஃபும் போய்ச் சேர்ந்தார். ஃபைல் மூடப்பட்டது.

1889 மே 30. விடிய விடிய மழை. 31-ம் தேதி காலையில் ஏரி கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. கிளப் தலைவர் உங்கர், ஆட்களை மண்வெட்டியோடு விரட்டினார். கரைமேல் மண்ணைக் கொட்டி உயர்த்தப் பார்த்தார்கள். ஓரத்தில் இன்னொரு கலங்கல் வெட்டப் பார்த்தார்கள். கெட்டித் தரை, மண்வெட்டி இறங்கவில்லை. மீன் தடுப்பையாவது எடுக்கலாம் என்றால் கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டு அசைய மறுத்தது. திறந்துவிடுவதற்கோ, குழாய் இல்லை. அது எந்த உலையில் எப்போது உருகிற்றோ!

ஜான் பார்க் என்று ஒரு இளைஞர், இருபது சொச்சம் வயசு, கிளப்பின் இன்ஜினீயர். குதிரையில் பறந்து சவுத் ஃபோர்க் கிராமத்துக்குப் போய், "ஜான்ஸ்டவுனுக்குத் தந்தி அடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார். கரையின் ஒரு ஓரத்தை நாமே வெட்டிவிட்டால் நடுப்பகுதி தப்புமே என்ற யோசனையும் அவருக்கு வந்தது. ஆனால் வெட்டினால் அணை போவது நிச்சயம். விட்டிருந்தால் நின்றிருக்கும் என்று நாளைக்கு எவனாவது சொன்னால்? வெட்டவில்லை. அவர் இடத்தில் நீங்கள், நான் என்ன செய்திருப்போம்? எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் அவரைத் திட்ட மனசு வரவில்லை.

தந்தி போயிற்று. ஆனால் 'அணை உடையப் போகிறது' என்பது ஜான்ஸ்டவுனில் வருஷா வருஷம் மழைக்காலத்து ஜோக். தெருவில் ஏற்கெனவே முழங்கால் தண்ணீர். ஜனங்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செய்தி பெரும்பாலோரை எட்டவே இல்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் அணையின் நடுப்பகுதி கரைந்து போயிற்று. ஏரி மொத்தமும் பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் மரம், வீடு, ரயில் இன்ஜின், ஒரு கம்பி ஆலையின் முள்கம்பிச் சுருள்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு 4 மணி 7 நிமிஷத்துக்கு ஊருக்குள் வந்தது. வந்தது தண்ணீர் மாதிரியே தெரியவில்லை என்று பிழைத்தவர்கள் பலர் சொன்னார்கள். கறுப்பாக, புகை மாதிரி ஒரு மூட்டம், உருண்டு வருகிற மலை. பத்தே நிமிஷம். ஊர் இல்லை.

இடிபாடு முழுக்க ஒரு கல் ரயில் பாலத்தில் போய் அடைத்துக்கொண்டது. உள்ளே உயிரோடு சிக்கியிருந்தவர்கள் ஏராளம். அந்தக் குவியல் தீப்பிடித்தது. வெள்ளத்தில் தப்பி நெருப்பில் போனவர்கள் எண்பது பேர் இருக்கும். மொத்தச் சாவு 2,209. அதில் 99 குடும்பங்கள், ஒருவர் மிச்சமில்லாமல். எழுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உடல்களை இன்னார் என்று அடையாளம் சொல்லவே ஆளில்லை.

கேஸ் போட்டார்கள். தோற்றார்கள். தெய்வச் செயல் என்பது ஒரு வாதம். இன்னொன்று எனக்கு நன்றாகப் புரிகிற வாதம்: கிளப் என்பது தனி ஸ்தாபனம். பொறுப்பு அதற்குத்தான், மெம்பர்களுக்கு இல்லை. சரி, ஸ்தாபனத்திடம் என்ன சொத்து? ஒரு கிளப் ஹவுஸ், ஒரு காலி ஏரி! காலேஜில் லிமிடெட் லயபிலிட்டிக்கு நான் பத்து மார்க் டெஃபனிஷன் எழுதியிருக்கிறேன். இந்த உதாரணத்தை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

அமெரிக்க சிவில் இன்ஜினீயர்கள் சங்கம் கமிட்டி போட்டது. ரிப்போர்ட் வெளிவந்தது 1891-ல். கிளப் செய்த மாற்றங்களைச் செய்யாமல் இருந்தாலும் அந்த மழைக்கு அணை உடைந்துதான் இருக்கும் என்றது. நூற்றிருபத்தைந்து வருஷம் அதுவே கடைசி வார்த்தை. 2016-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் அணையை அளந்து மறுபடி கணக்குப் போட்டார்கள். மேல்பகுதியை வெட்டாமல், ஐந்து குழாய்களையும் பிடுங்காமல், முதலில் கட்டிய மாதிரியே விட்டிருந்தால் அந்த மழையை அணை தாங்கியிருக்கும் என்று விடை வந்தது.

கார்னகி ஜான்ஸ்டவுனுக்கு ஒரு லைப்ரரி கட்டிக் கொடுத்தார். இன்று அதுதான் வெள்ள மியூசியம். ஏரி இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது, ரயில் போகிறது. அணையின் இரண்டு முனைகளும் மட்டும் எதிரெதிரே நிற்கின்றன.

என் பம்ப்செட் கதையைப் பாக்கி வைத்திருந்தேன் இல்லையா? விற்று எட்டு மாசம் கழித்து ஒரு ராத்திரி குடோனில் ஷார்ட் சர்க்யூட். தீ. கரெண்ட்டை நிறுத்தினதும் மோட்டார் பம்புகளும் நின்றுவிட்டன. கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஏற்ற வழியில்லை. அந்த டீசல் செட் தீயணைக்கத்தான் வாங்கியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபயர் சர்வீஸ் வருவதற்குள் பாதி சரக்கு சாம்பல். ஆளுக்குச் சேதமில்லை, அது என் சாமர்த்தியம் அல்ல.

அடுத்த வாரம் புது டீசல் பம்ப் வந்து இறங்கியது. ஸ்டோர்கீப்பர் ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துவந்து என் டேபிளில் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'உபயோகம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"இங்கே என்ன போட சார்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா தம்பி" என்று பேனாவை நீட்டினார்.