“டி டிரைவ்ல இருக்குண்ணே, பத்திரம்தான்!” - ஹார்டு டிஸ்க் மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வாலாஜாபேட்டை டி.டி.பி. சென்டர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், நடுவில் ஆதார் நகல் எடுக்க வருபவர்கள் என்று வேலை குவியும். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர் அந்த நேரம் பார்த்துதான் மக்கர் பண்ணும். சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளில் கணக்கு எழுதுபவர்களுக்கும் இது பழகிப்போன தலைவலி.

இதற்காகப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான நேரங்களில், உள்ளே இருக்கும் மெயின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினாலே போதும். மாட்டும் வேலை அரை மணி நேரம்தான். ஆனால், அவசரப்பட்டால் அந்த அரை மணி நேரத்தில் பத்து வருடக் கணக்கும் குடும்ப போட்டோக்களும் கைவிட்டுப் போய்விடலாம்.

ஏன் இவ்வளவு ஸ்லோ?

ஹார்டு டிஸ்க்குக்குள் வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. டெஸ்க்டாப்பில் இருப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. தட்டின் மேல் ஒரு கை நகர்ந்து தகவலைப் படிக்கும். 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கிலும் இதே முறைதான். 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தும், அதில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது. இன்று தட்டு சிறுத்து, கொள்ளளவு பெருகிவிட்டது. ஆனால், கை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும் என்ற காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை ஒரு நொடிக்கு ஏறத்தாழ நூறு தடவைதான் ஹார்டு டிஸ்க்கால் தேடிப் படிக்க முடியும். விண்டோஸ் திறக்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான ஃபைல்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். டீ குடிக்கும் நேரம் சில நொடிகளாகக் குறைவது இதனால்தான்.

எதை வாங்கலாம்?

பழைய கம்ப்யூட்டருக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான் பாதுகாப்பான தேர்வு. பழைய டிஸ்க்கில் இருக்கும் அதே டேட்டா கேபிள், பவர் கேபிள் இதற்கும் பொருந்தும். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகையில் பல இதைவிட வேகமானவை. ஆனால், பழைய மதர்போர்டு பலவற்றில் அதற்கான ஸ்லாட்டே இருக்காது. மதர்போர்டு மாடலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். வாரன்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் தகவலுக்கு அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. டிஸ்க்கை மாற்றினால் வேகம் கூடும், ஆனால் விண்டோஸ் 11 போடும் தகுதி வந்துவிடாது. அதற்கு டி.பி.எம். 2.0 வசதியும், மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசஸரும் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துவிட்டுச் செலவு செய்வது நல்லது.

‘டி டிரைவ்’ என்னும் மாயை

“முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்குண்ணே, பத்திரம்தான்!” சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பலரும் சொல்லும் வார்த்தை இது. விண்டோஸை ஃபார்மட் செய்யும்போது இது ஓரளவு உண்மை. சி போகும், டி இருக்கும். ஆனால், டிஸ்க்கையே மாற்றும்போது கதை வேறு. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள் மாதிரி. பீரோ போனால் இரண்டும் போய்விடும்.

எனவே முதல் வேலை, எல்லாவற்றையும் வெளியே இருக்கும் இன்னொரு டிஸ்க்குக்குப் பேக்கப் எடுப்பது. எடுத்த பிறகு, அதில் இருந்து நாலைந்து ஃபைல்களையாவது வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ‘டெஸ்க்டாப்’, ‘டவுன்லோட்ஸ்’ எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன. டேலி கணக்கும் பல இடங்களில் சி டிரைவிலேயே கிடக்கும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மிக முக்கியமானவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும்.

குளோனா... புது இன்ஸ்டாலா?

பழைய டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாகப் புதியதற்கு மாற்றுவது குளோன். புரோகிராம், பாஸ்வேர்டு, ஃபான்ட் எல்லாம் அப்படியே வந்துவிடும். ஆனால், வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே வரும். பழைய டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் அளவு புதியதில் அடங்கவும் வேண்டும்.

புதிதாக விண்டோஸ் போட்டால் கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கும். ஆனால், நம் ஊர்க் கடைகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் அடித்த பழைய பத்திரிகைகளை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். அரசு 2010-லேயே யுனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது என்றாலும் அச்சு வேலையில் பழைய ஃபான்ட்கள் இன்னும் புழங்குகின்றன. ஆகவே, ஃபான்ட் ஃபோல்டரையும் மறக்காமல் காப்பி எடுங்கள். டேலி வைத்திருப்பவர்கள் டிஸ்க்கைக் கழற்றும் முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, பிறகு ஆக்டிவேட் செய்துகொள்வது நல்லது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவரையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

கழற்றி மாட்டும்போது...

* பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும்.
* எந்த கேபிள் எங்கே இருந்தது என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
* புது டிஸ்க்கை மாட்டியதும், பழையதை இணைக்காமல் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். இரண்டும் இருந்தால் எதிலிருந்து திறக்கிறது என்று குழப்பம் வரும்.

பழைய டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள்!

எல்லாம் சரியாக ஓடினாலும் பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். விட்டுப்போன ஃபைல் ஏதாவது நிச்சயம் ஞாபகத்துக்கு வரும்.

பிறகு அதை விற்பதானால் கவனம் தேவை. ஜெராக்ஸ் கடை டிஸ்க்கில் இருப்பது கடைக்காரரின் தகவல் மட்டுமல்ல. ஊர்க்காரர்களின் ஆதார், பான், சாதிச் சான்றிதழ் என்று வருடக்கணக்கில் ஸ்கேன் செய்தவை அதில் இருக்கும். வெறுமனே டெலீட் செய்தாலோ, ‘குயிக் ஃபார்மட்’ செய்தாலோ அவை அழியாது, மீட்டெடுக்க முடியும். ‘குயிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்ய வேண்டும். சி, டி இரண்டையும்தான். சில மணி நேரம் ஆகும், பரவாயில்லை. ஓடாத டிஸ்க் என்றால், பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் விற்கவே வேண்டாம். ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டால் அதுவே பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். இது அவசியமும்கூட. ஹார்டு டிஸ்க் பல சமயம் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுத்தான் போகும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். போனபின் தகவலை மீட்பதும் கடினம்.

வாரம் ஒருநாள், கடையைச் சாத்துவதற்கு முன் பேக்கப் எடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். அப்போது தாராளமாகச் சொல்லலாம், “பத்திரம்தாண்ணே!”