புகையும் ஆவியும்

2023 ஆகஸ்டில் திருப்பதி–செகந்திராபாத் வந்தே பாரத் ரயிலில் ஒருவர் கழிப்பறைக்குள் சிகரெட் பற்றவைத்தார். எச்சரிக்கை மணி ஒலித்தது. தீயணைப்புப் பொடி தானே பீறிட்டது. வண்டி மனுபோலுவில் நின்றது.

விடுதியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் அன்பர்கள் பலர் கேட்பது இ-சிகரெட்டைப் பற்றி. அதன் விற்பனைக்கு 2019 முதலே நாடு முழுவதும் தடை. ஆனாலும் ஒளிந்து வருகிறது. அது விடுவது புகையன்று, கிளிசரின் போன்ற திரவத்தின் நுண்துளிகள். விரைவில் கலைந்துவிடும். சாதாரணப் புகைக்கருவியை நம்ப முடியாது. காற்றிலுள்ள நுண்துகள்களை எண்ணும் கருவி வேண்டும்.

அதை வெந்நீர்க் குழாய்க்கு மேலே மாட்டாதீர்கள். திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் குளியல் ஆவியும் சேர்ந்தால் வீண் அலறல்தான்! சன்னலுக்கும் விசிறிக்கும் விலக்கிக் கூரையில் பொருத்துங்கள். கழிப்பறையில் கேமரா கூடாது; யார் என்று கருவியும் சொல்லாது. மணியடித்ததும் ஓடிவர வார்டன் இருக்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள்.