நிற்கத் தெரிந்த வண்டி

வேகமாக ஓடும் வண்டியை எல்லோரும் வியப்பர். ஓடும் வண்டியை உரிய இடத்தில் நிறுத்துவதே அரிது என்பதை எண்ணுவோர் சிலரே. ஒடாஹுஹுவின் கிரேட் சவுத் வீதியில் எம்.ஜி.பி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மினுங்கிக்கொண்டு செல்லும்போது நாம் அதன் நிறத்தையும் வடிவையும் பார்க்கிறோம். அதன் உயிர்நாடியான பிறேக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது எவ்வாறு இயங்குகிறது, அதனை எவ்வாறு பேணவேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

1937ஆம் ஆண்டு ஒக்லாந்திற் பிறந்து உலகப் புகழ்பெற்ற பந்தய வீரர் புரூஸ் மக்லாரன், இளமையில் ஓட்டிப் பழகியது 1929ஆம் ஆண்டின் ஒஸ்ரின் செவன் அல்ஸ்ரர் காராகும். அதன் பிறேக்கைக் கம்பி வடங்களே இழுத்தன. ஒருபக்க வடம் தளர்ந்தால் வண்டி மறுபக்கம் இழுக்கும். பின்னர் வடத்தின் வேலையைத் திரவம் ஏற்றது. 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி.யின் முன்சில்லுகளில் டிஸ்க் பிறேக்கும் பின்சில்லுகளில் ட்ரம் பிறேக்கும் உள்ளன. இரண்டையும் திரவமே இயக்குகிறது. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மொரிஸ் மைனர் வண்டிகளைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றின் பிறேக்கும் இத்தத்துவத்தில் இயங்கியதே.

மாணவர்களே, மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லா இடங்களுக்கும் குறையாது செல்லும். இதுவே பஸ்காலின் தத்துவம். காலால் மிதிக்கும் அமுக்கம் குழாய்களின் வழியே நான்கு சில்லுகளையும் அடைகிறது. அங்கே உராய்வுப் பட்டைகள் டிஸ்க்கையும் ட்ரம்மையும் அழுத்த, வண்டியின் இயக்கசக்தி வெப்பமாக மாறுகிறது. 920 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய ஒரு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

இவ்வெப்பத்தைத் தாங்கவேண்டிய திரவத்தைப் 'பிறேக் ஒயில்' என்கிறோம். எனினும் வழக்கமாகப் பாவிக்கப்படுவது எண்ணெயன்று. கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. சாதாரண எண்ணெயை ஊற்றினால் றப்பர்ப் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும். அத்துடன், இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தாமாக்கி ஆற்றுக்கும் மனுக்காவ் துறைமுகத்துக்கும் இடையே, மாவோரி மக்கள் ஓடங்களை இழுத்துக் கடந்த ஒடுங்கிய நிலத்தில் நாம் வாழ்கிறோம். இருபுறமும் கடல்நீர், காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

'டொட் 4' வகைத் திரவம் புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதியாது. நீர் கலந்த பின் அந்த எல்லை 155 பாகைவரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், எனவே மிதி நிலம்வரை தாழ்ந்தும் வண்டி நில்லாது. ஆரம்பகால எம்.ஜி.பி.யில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவச் சுற்றே உண்டு. ஒரு குழாய் வெடித்தால் எஞ்சுவது கைப்பிறேக் மாத்திரமே.

ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று:

1. திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை முற்றாக மாற்றுக. வடித்தெடுத்ததை மீண்டும் ஊற்றற்க. அது வர்ணத்தையும் அரிக்கும்.

2. றப்பர்க் குழாய்களின் வெளித்தோற்றத்தை நம்பற்க. அவை உட்புறம் வீங்கி அடைபட்டால் மிதியை விட்ட பின்னும் பிறேக் சில்லைப் பிடித்தபடியிருக்கும்.

3. உலோகக் குழாய்களிற் துருவையும், சில்லுகளின் உட்புறத்தில் ஈரக்கசிவையும் தேடிப் பார்க்க.

4. பழைய பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அதன் தூசு சுவாசப்பையைக் கெடுக்கும். ஊதித் துடையாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க.

5. ஜாக்கில் மாத்திரம் நிற்கும் வண்டியின் கீழ் எவரும் செல்லற்க. உறுதியான தாங்கிகளை வைக்க.

6. பழக்கமில்லாதோர் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்க.

'வோரண்ட் ஒஃப் ஃபிட்னஸ்' சோதனையிற் தேறிவிட்டோம் என்று ஆறுதல் கொள்வோர் உளர். அச்சோதனை அன்றைய நிலையை மாத்திரமே காட்டும். மறுமாதம் கசியத் தொடங்கும் குழாயை அது அறியாது.

வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையிலேயே ஒரு பிள்ளை வீதியிற் கால் வைக்கிறது. அப்பிள்ளைக்கு வண்டியின் வயதும் தெரியாது, விலையும் தெரியாது. அதன் நம்பிக்கையைக் காப்பது வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரின் கடமையாகும்.