முகவர் சொல் யாருடைய சொல்?

திருக்குறளில் தூது என்னும் அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவார் என்றும், கூறியதைக் கூறுவார் என்றும் இரு வகையாகப் பிரித்தார். ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவரையும் இவர்களோடு சேர்த்து எண்ணும் வடநூல் வழக்கையும் அவர் குறித்திருக்கிறார். அரசவைக்கு உரிய இந்தப் பாகுபாடு, இன்றைய வணிகச் சட்டத்தின் ஒரு பகுதியை விளங்கிக்கொள்ளவும் பெரிதும் உதவும். ஒருவர் மற்றொருவருக்காகப் பேசும்போது அந்தப் பேச்சு யாருடையது, அதனால் கட்டுப்படுபவர் யார் என்பதே ஈரிடத்தும் எழும் கேள்வி.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே கிடப்பது குறுகிய கடல்தான். எனினும் 1985இல் பாலம் திறக்கப்படும் வரை அதைக் கடக்கப் படகும் ஃபெரியுமே துணை. பாகான் மளிகைக் கடைக்காரர் ஒருவர், கடையைப் பூட்டிவிட்டு அரைநாளைச் செலவழித்து அக்கரைக்குப் போவதைவிடக் கடைப் பையனை அனுப்புவது எளிது. பையன் போய், 'முதலாளி அனுப்பினார், பத்து மூட்டை அரிசி வேண்டும்' என்கிறான். மொத்த வணிகர் பற்று எழுதிக்கொண்டு மூட்டைகளை ஏற்றிவிடுகிறார். முதலாளி சொன்னது பத்து. பையன் பதினைந்து என்று சொல்லியிருந்தால்? வேலையிலிருந்து நீக்கப்பட்ட மறுநாள் அவனே வந்து பத்து மூட்டை வாங்கிப் போயிருந்தால்? மொத்த வணிகர் ஏமாந்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் நட்டம் யாருடையது?

மலேசியாவில் இதற்கு விடை கூறுவது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாம் பகுதி. மற்றொருவருக்காக ஒரு செயலைச் செய்யவோ, மூன்றாமவரோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அவர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவரே முகவர் என்று அதன் 135ஆம் பிரிவு வகுக்கிறது. இச்சட்டத்தின் தாய், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றனவே அன்றி, வாசகங்கள் பெரும்பாலும் ஒன்றே. முகவருக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாய்ச்சொல்லாலோ, நடந்துகொள்ளும் முறையாலோ அதிகாரம் அளிக்கலாம். மூன்றாமவரைப் பொறுத்தவரையில், வயது நிரம்பாத சிறுவனும் முகவராக இருக்கலாம். மின் கட்டணத்தைக் கட்டிவரும்படி பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பும் மூதாட்டியும் இச்சட்டத்தின் கண்ணில் ஒரு 'முதலாளி'யே.

கடைப் பையனின் கதைக்கு வருவோம். அவன் முன்பும் பலமுறை சொன்ன அளவுக்குமேல் வாங்கி வந்திருக்க, கடைக்காரர் முணுமுணுக்காமல் பணம் செலுத்தி வந்தார் என்றால், இப்போது 'நான் சொன்னது பத்துத்தான்' என்று அவர் மறுக்க முடியாது. முகவருக்கு அதிகாரம் உண்டு என்ற நம்பிக்கையைத் தம் சொல்லாலோ நடத்தையாலோ பிறருக்கு ஊட்டிய முதலாளி அதனால் கட்டுப்படுவார் என்கிறது 190ஆம் பிரிவு. நீக்கப்பட்ட பையன் செய்தியும் அத்தகையதே. முகவரின் அதிகாரம் முடிந்தது என்பது, மூன்றாமவருக்குத் தெரியவரும் வரையில் அவரைப் பொறுத்து முடிந்ததாகாது என்பது 161ஆம் பிரிவு. வீட்டுக்குள் நீக்கினால் போதாது, சந்தையிலும் சொல்லவேண்டும். 'இன்னார் இனி எங்கள் ஏஜெண்டு அல்லர்' என்று செய்தித்தாள்களில் அறிவிப்பு வெளியிடும் வழக்கத்துக்குக் காரணம் இதுவே.

இச்சட்டத்தைத் தமிழர் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க விரும்புவோர்க்கு நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடை வரலாற்றைப்போல் வேறொன்று கிடைப்பது அரிது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை பினாங்கிலோ தைப்பிங்கிலோ நடக்கும். இடையில் வங்கக் கடல். ஆகவே சம்பளச் சீட்டு எழுதி, வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணைக்கு ஒரு மேலாளை அனுப்பினார்கள். அவரே ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருந்தனர். ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல முதலாளிகளின் ஏஜெண்டுகள், ஆளுக்கொரு பெட்டியும் பேரேடும் வைத்து அமர்ந்திருந்தார்கள். 1929-30இல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழுவும் இம்முறையை ஆராய்ந்திருக்கிறது.

ஏஜெண்டின் கையில் இருவகை எழுத்துகள் இருந்தன. ஒன்று பவர் பத்திரம். அது ஊரார் பார்ப்பதற்கு. மற்றொன்று முதலாளியின் கடிதங்கள். அவை ஏஜெண்டு மட்டும் பார்ப்பதற்கு. கடன் கொடுக்கவும், வைப்புத் தொகை வாங்கவும், வழக்காடவும் அதிகாரம் உண்டு என்று பத்திரம் பேசும். 'ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் யாரிடமும் வைப்பு வாங்காதே' என்று கடிதம் தடுக்கும். ஏஜெண்டு பதினாயிரம் வாங்கிவிட்டார் என்று கொள்வோம். பத்திரத்தை மட்டும் கண்டு பணம் கொடுத்தவர், ஊரில் இருக்கும் முதலாளியிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். கடிதத்தின் தடை அவரைத் தடுக்காது. தடையை அறிந்தே கொடுத்தவருக்கோ அந்த உரிமை இல்லை. கடிதத்தை மீறியதற்காக ஏஜெண்டைக் கேட்பது முதலாளியின் தனி வழக்கு. இருவர்க்கிடையே உள்ள மறைவான ஏற்பாட்டால் மூன்றாமவர் கெட்டுப்போகக் கூடாது என்பதே இங்கே சட்டத்தின் நோக்கம்.

கணக்கில் நேர்மையைச் சட்டம் இன்னும் கடுமையாகக் கேட்கிறது. கடனுக்கு ஈடாக வந்த கடைவீடு மலிவாகக் கிடைக்கும்போது, அதை முதலாளிக்குச் சொல்லாமல் ஏஜெண்டு தம் மனைவி பெயரில் வாங்கிவிடுகிறார் என்க. முதலாளிக்கு ஒரு காசும் நட்டமில்லை என்று அவர் வாதிடலாம். அந்த வாதம் எடுபடாது. முதலாளி அறியாமல் முகவர் தம் கணக்கில் நடத்திய வணிகத்தின் ஆதாயத்தை முதலாளி கேட்டுப் பெறலாம் என்பது 169ஆம் பிரிவு.

இந்த ஏற்பாடு முழுவதும் கடிதப் போக்குவரத்தின்மேல் நின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியதும் அப்போக்குவரத்து அறுந்தது. மூன்று ஆண்டுத் தவணை முடிந்தவருக்கு மாற்றாள் வரவில்லை. ஐந்தொகையை அனுப்பவும் வழியில்லை. அந்நிலையில், போருக்கு முன் கடன் வாங்கியவர் வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டுக் கட்டோடு வந்து, 'கடனைத் தீர்த்துக்கொள்ளுங்கள், பத்திரத்தைக் கொடுங்கள்' என்றால் ஏஜெண்டு என்ன செய்வார்? வாங்க மறுப்பது ஆட்சியாளரின் நாணயத்தை மறுப்பதாகும். அதன் விளைவை அக்காலத்தில் அறியாதார் இல்லை. வாங்கினால், நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் தாளுக்காக முதலாளியின் ஈடு கைநழுவும். முதலாளியைக் கேட்கவும் முடியாது. முதலாளியின் கட்டளை இல்லாதவிடத்து, அத்தொழில் அந்த ஊரில் நடக்கும் வழக்கப்படி முகவர் நடக்கவேண்டும் என்கிறது இன்றைய சட்டத்தின் 164ஆம் பிரிவு. ஆனால் அந்த ஊரில் அப்போது எந்த வழக்கம் மிஞ்சியிருந்தது? இறுதியில், 1948இல் மலாயாவில் இயற்றப்பட்ட ஆக்கிரமிப்புக் காலக் கடன் சட்டம், ஜப்பான் நோட்டில் செலுத்திய பணமும் பொதுவாகக் கடனைத் தீர்க்கும் என்று சில விலக்குகளோடு விதித்தது. கடன்பட்டவர் விடுதலை பெற்றார். ஏஜெண்டோ, செல்லாத தாளைக் கணக்கில் வரவு வைத்து, அதைக் கொண்டுபோய் முதலாளியின் முன் நிற்கவேண்டியவர் ஆனார்.

நகரத்தார் ஏஜெண்டோடு ஒப்பிட வேண்டிய இன்னொருவர் கங்காணி. தோட்ட நிர்வாகி கொடுத்த உரிமச் சீட்டோடு அவர் தம் சொந்த ஊருக்குப் போனார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தும் வரை ஆள் திரட்டினார். சீட்டைக் கண்டவர்கள் அவருடைய வாய்ச்சொல்லையும் தோட்டத்தின் சொல்லாகவே கொண்டனர். 190ஆம் பிரிவின் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அவர் கிராமத்தில் சொன்ன கூலிக்குத் தோட்டம் கட்டுப்படுமா என்று வழக்குத் தொடுக்கும் வசதி, கப்பலேறி வந்த கூலியாளுக்கு எங்கே இருந்தது? சட்டம் இருப்பது வேறு. அது கைக்கு எட்டுவது வேறு.

கேட்க முடியாத வேளையில் முகவர் என்ன செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தின் இரண்டு இரயில்வே வழக்குகள் பெயர்பெற்றவை. 1874இல் தீர்ப்பான வழக்கில், இரயிலில் வந்த குதிரையை அழைத்துச் செல்ல நிலையத்துக்கு யாரும் வரவில்லை. இரயில்வே நிறுவனம் அதைக் கூலி லாயம் ஒன்றில் கட்டிவைத்துத் தீனி போட்டது. நான் சொல்லவில்லையே என்று உரிமையாளர் மறுத்தும், அச்செலவை அவரே தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1921இல் வந்தது தக்காளி வழக்கு. புயலாலும் வேலைநிறுத்தத்தாலும் சரக்கு வழியில் தங்கி அழுகத் தொடங்க, நிறுவனம் உரிமையாளரைக் கேளாமலே விற்றுவிட்டது. அவருக்குச் செய்தி அனுப்ப வழி இருந்தும் அனுப்பாததால் நிறுவனமே ஈடு கொடுக்க நேர்ந்தது. கைப்பேசி எல்லார் பையிலும் இருக்கும் இந்நாளில், 'கேட்க நேரமில்லை' என்னும் முகவரின் சாக்கு மிகவும் மெலிந்துவிட்டது.

கைப்பேசி வேறொன்றையும் செய்திருக்கிறது. பட்டர்வொர்த்தில் உட்கார்ந்தபடியே பொருள் வாங்குவோர்க்கு ஃபெரியும் வேண்டாம், கடைப் பையனும் வேண்டாம் என்று தோன்றும். உண்மையில் இடையாட்கள் பெருகியிருக்கிறார்கள். விற்பனைத் தளம் நடத்துபவர், அதில் கடை விரித்தவர், பணத்தைப் பெற்றுச் சேர்ப்பவர், பொட்டலம் கொண்டுவருபவர் என ஒவ்வொருவரையும் 'நீர் யாருடைய முகவர்?' என்று கேட்டாக வேண்டும். விற்பவரின் முகவரிடம் சேர்ந்த பணம் விற்பவரிடம் சேர்ந்ததேயாகும். வாங்குபவரின் முகவர் கையில் உள்ள பணமோ சட்டப்படி இன்னும் வாங்குபவருடையதே. சவர்க்காரமும் சத்துமாவும் மொத்தமாக வாங்கித் தம் பொறுப்பில் விற்பவர்களையும் இந்நாட்டில் 'ஏஜெண்டு' என்கிறோம். அவர்கள் சட்டப்படி முகவர் அல்லர். வாங்கி விற்கும் வணிகர். இலக்கண ஆசிரியர் இதனை இடுகுறிப் பெயர் என்று தள்ளிவிடுவார். காரணப் பெயர் என்று நம்பிப் பணம் கொடுத்தவரே அல்லற்படுவார்.

இனிப் போலி முகவர். ஒரு நிறுவனத்தின் சின்னத்தைத் திருடித் தம் படமாக வைத்துக்கொண்டு, 'நான் அவர்கள் ஏஜெண்டு. பணத்தை என் கணக்கில் போடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதுகிறார். ஏமாந்தவர் அந்த நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கிறார். அங்கே அவருக்கு விடை கிடைப்பது கடினம். 190ஆம் பிரிவு கேட்பது முதலாளியின் சொல்லையும் செயலையும். முகவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது அதிகாரம் ஆகாது. நிறுவனம் அவருக்கு இரசீதுப் புத்தகம் கொடுத்திருந்ததா? வேலையைவிட்டு நீங்கிய பின்னும் அவர் பெயரைத் தன் பட்டியலில் விட்டுவைத்திருந்ததா? அப்படியானால் நிறுவனம் பதில் சொல்லவேண்டும். ஒன்றும் இல்லையென்றால், பொய்யாக முகவர் என்று சொல்லிக்கொண்டவரே ஈடு கொடுக்கவேண்டும் என்பது 188ஆம் பிரிவு. அவர் அகப்பட்டால்தானே! பணம் கட்டும் முன் நிறுவனத்தையே நேரில் கேட்பது தவிர வேறு காப்பு இல்லை. இணையத்தில் விற்போர் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை வெளியிட வேண்டும் என்று 2012இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விதிகள் வகுத்ததன் பயனும் இதுவே.

மின்செய்தி வழியாகச் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்று 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அச்சட்டம் சிலவற்றை விலக்கி வைத்தது. அவற்றுள் ஒன்று பவர் பத்திரம். அரிசி மூட்டைக்குக் கைப்பேசி போதும். நிலத்தை விற்க ஒருவருக்குப் பவர் கொடுப்பதானால் பழைய முறைதான். உரியவர் முன்னிலையில் கையொப்பமிட்டு, அதன் படியை உயர் நீதிமன்றப் பதிவகத்தில் வைக்க வேண்டும் என்னும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நிற்கிறது.

இவற்றிற்கெல்லாம் அப்பால், ஆளே இல்லாத இடையாளும் வந்திருக்கிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கேள்விகளுக்கு விடை கூறும் கணினி நிரல் ஒன்று, பாட்டியை இழந்த பயணி ஒருவரிடம், துக்கப் பயணத்துக்கான சலுகையைப் பயணத்துக்குப் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்று தவறாகச் சொல்லியது. நம்பிப் பயணம் செய்தவருக்குச் சலுகை மறுக்கப்பட்டது. அந்நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதாகக்கூட நிறுவனம் வாதிட்டது. 2024இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பக்கத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும், அது எழுதிவைத்ததாயினும் நிரல் சொன்னதாயினும், நிறுவனமே பொறுப்பு என்றது. சிங்கப்பூரிலோ, மின்நாணயச் சந்தையில் இரு தரப்பு நிரல்களும் தமக்குள் வணிகம் செய்து, சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்குப் பரிமாற்றம் நடந்துவிட்டது. 2020இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், வகுத்தபடியே நடக்கும் நிரலுக்குத் தனி மனம் இல்லை, அதை வகுத்தவர் எதை அறிந்திருந்தார் என்பதையே பார்க்கவேண்டும் என்று கூறியது.

பரிமேலழகர் வழியில் சொல்வதானால், சிங்கப்பூர் நிரல் ஓலையைக் கொடுத்து நிற்பது. அதில் உள்ளது எழுதினவர் சொல். கனடா நிரலோ தானே வகுத்துக் கூறுவது போல் நடித்தது. தீர்ப்பாயம் அதையும் ஓலையாகவே எண்ணியது. மலேசியச் சட்டத்தின் 135ஆம் பிரிவும் முகவர் என்பவரை 'ஆள்' என்றே வகுக்கிறது. அச்சொல் அப்படியே இருக்கும் வரை, பொறி எவ்வளவு திறமாக வகுத்துப் பேசினாலும், அது பேசியது அதைக் கடையில் வைத்தவர் பேசியதாகவே கொள்ளப்படும்.