குடவோலையில் ஒளிந்திருக்கும் செயல்சாராத் தேவைகள்

ஒரு சிஸ்டம் என்ன செய்யணும் என்பது செயல்சார் தேவை. அதை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பாதுகாப்பாக, எவ்வளவு நம்பகமாகச் செய்யணும் என்பது செயல்சாராத் தேவை. ஆபீஸ் பாஷையில் 'நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்'. முதலாவது டெமோவிலேயே தெரிந்துவிடும், இரண்டாவது தெரியாது. கெடு நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

இதைப் புரிய வைக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எங்க உத்திரமேரூரிலேயே இருக்கு. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு: ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்பவை.

இதில் செயல்சார் தேவை ஒரே வரிதான்: 30 குடும்புக்கு 30 பேரைத் தேர்ந்தெடு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. அப்புறம் எதற்கு அவ்வளவு நீளமான கல்வெட்டு? மீதியில் பெரும்பகுதி செயல்சாராத் தேவைகள்!

குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டணும். ஓலையை விவரம் அறியாத சிறுவன் எடுக்கணும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கணும்; வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்ற முடியாது. அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் திரும்ப வாசிக்கணும். இது பாதுகாப்பும் சரிபார்ப்பும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் வரக்கூடாது. அதிகாரம் ஓரிடத்தில் தேங்காது. பதவியில் இருக்கும்போது குற்றம் கண்டால் உடனே நீக்கணும். பழுதான பாகத்தைக் கழற்றுவது மாதிரி.

இன்னொன்றையும் கவனிங்க. 'நேர்மையானவராக இருக்கணும்' என்று மட்டும் எழுதியிருந்தால் யாராலும் சோதிக்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது என்றால் சோதிக்கலாம். 'சிஸ்டம் வேகமாக இருக்கணும்' என்று எழுதுவதற்கும் 'இரண்டு விநாடிக்குள் பதில் வரணும்' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

919-ல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு, 921-ல் 35 முதல் 70 ஆனது. இரண்டே வருஷத்தில் அடுத்த வெர்ஷன்!

ஆனால் இதைக் குறையில்லாத ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனசு வரல. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்று தகுதிகள். வேதத்தில் மேலும் தேர்ந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். அது மட்டுமே சலுகை. இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை. அந்த நிலத்தில் உழைத்தவர்கள் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. மோசடி நடக்காதபடி ஓட்டையை அடைத்தார்கள். யாருக்கான சிஸ்டம் என்ற கேள்வியை அந்தச் சபை கேட்கவில்லை.

ஆகவே தேவைகளைப் பட்டியல் போடும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இதை எப்படிச் சோதிப்போம்? இதை எழுதும்போது யார் அறையில் இல்லை? இரண்டாவதைச் சோதிக்க எந்த டூலும் கிடையாது, நாமதான் கேட்கணும்.