பூனைக்கும் ஒரு பெயர் வேண்டும்

நம் ஊர்ப் பசுவுக்குப் பெயர் உண்டு; லட்சுமி என்போம். நாய்க்கும் பெயர் உண்டு. மணி என்றால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். பூனைக்கு மட்டும் பெரும்பாலும் பெயர் கிடையாது. விரட்டப்படும் பிராணிக்குப் பெயர் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். கறுப்புப் பூனையாக இருந்துவிட்டாலோ சொல்லவே வேண்டாம்; சகுனத் தடை என்பார்கள். குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டு வருவதும் உண்டு. ஆனால், பெயர் சொல்லி அழைத்த ஒன்றை அப்படி விட்டு வர யாருக்கும் எளிதில் மனம் வராது. ஆகவே பூனைக்குப் பெயர் சூட்டுவது வெறும் விளையாட்டு அன்று. பூனையின் முகத்திலோ எப்போதும் ஏதோ ஒரு கவலை தெரிகிறது. அதற்கேற்ற, சற்றே சோகம் கலந்த பெயரை நம் இலக்கியத்திலிருந்து எப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்ப்போம்.

இலக்கியத்தில் பூனை

பூசை, வெருகு என்பன பூனையைக் குறிக்கும் பழைய சொற்கள். வெருகு என்பது காட்டுப் பூனை. அதன் குட்டியைப் பறழ் என்றும் சொல்லலாம் என்பது தொல்காப்பிய மரபியல் தரும் செய்தி. கம்பர் தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க நினைத்த பூசைக்குத் தம்மை ஒப்பிட்டுக் கொள்கிறார். 1956-ஆம் ஆண்டு வரை மலையாள நாட்டோடு சேர்ந்திருந்த நம் செங்கோட்டைக்கு இச்சொல் புதிதன்று. மலையாளத்தில் ‘பூச்ச’ என்பது இதற்கு உறவுச் சொல்லே. ஆனால் எங்கள் வீடுகளில் இப்பெயரைச் சூட்ட முடியாது. ஞாயிறு காலையில் “பூசை! பூசை!” என்று கூவினால், ஆச்சிமார் முக்காடிட்டுக் கோவிலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்!

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. மழை பெய்துவிட்டது; மாலை வந்துவிட்டது; பொருள் தேடப் போன தலைவன் மட்டும் வரவில்லை. அந்த வேளையில் மலரும் முல்லை, வெருகு சிரித்தாற்போல் இருக்கிறதாம். புறநானூற்றில் கபிலரும், பாரியின் நாட்டு முல்லை அரும்பை வெருகுக் குட்டியின் கூரிய பல்லுக்கு ஒப்பிடுகிறார். வெள்ளைப் பூனைக்கு ‘முல்லை’ என்று பெயர் வைத்தால் நிறமும் பொருந்தும். காத்திருத்தலின் ஏக்கமும் அதில் அடங்கிவிடும்.

பொழுதின் பெயர்கள்

நம் முன்னோர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதையும் ஓர் உணர்ச்சியையும் சேர்த்து வைத்தார்கள். முல்லைக்கு மாலைப் பொழுது, காத்திருத்தல். குறிஞ்சிக்கு யாமம், அதாவது நள்ளிரவு. குளிர் மிகுந்த கூதிர்காலமும் குறிஞ்சிக்கு உரியது. பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் வந்து உட்காரும் பூனைக்கு ‘மாலை’ பொருந்தும். சாரல் நாளில் அடுப்பங்கரையை விட்டு நகராத பூனைக்குக் ‘கூதிர்’ பொருந்தும்.

காவிய மகளிர்

மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரை என்பவள் வருகிறாள். கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டுத் தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. பின்னர்க் கணவன் திரும்பி வருகிறான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சை இட்டவளும் அவளே. துயரமும் அன்பும் கலந்த அழகிய பெயர் இது. பூனையின் பால் கிண்ணத்துக்கு ‘அமுதசுரபி’ என்று பெயர் வைத்துக் கொள்ளலாம். அது காலியாக இருப்பதைப் பூனை பொறுக்காது!

நமக்கு அருகிலேயே குற்றாலக் குறவஞ்சி இருக்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றியது. அதில் வசந்தவல்லி குற்றாலநாதரை எண்ணி ஏங்கி நிலவோடும் கோபித்துக் கொள்கிறாள். ஓயாமல் முகம் திருப்பிக் கொள்ளும் பூனைக்கு ‘வல்லி’ என்று சுருக்கி அழைக்கலாம்.

பிற நாட்டார் வழக்கம்

ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் 1939-இல் பூனைகளைப் பற்றியே ஒரு பாட்டு நூல் வெளியிட்டார். பூனைக்கு மூன்று பெயர்கள் வேண்டும் என்பது அவர் கட்சி: வீட்டார் அழைக்க ஒன்று, அதற்கே உரிய தனிப்பெயர் ஒன்று, பூனைக்கு மட்டுமே தெரிந்த இரகசியப் பெயர் ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, 1843-இல் எழுதிய ‘கறுப்புப் பூனை’ கதையில் பூனைக்குப் பாதாள உலகத் தெய்வமான புளூட்டோவின் பெயரைச் சூட்டினார். ஜப்பானியரான நத்சுமே சோசெகி 1905-இல் தொடங்கிய ‘நான் ஒரு பூனை’ என்னும் நாவலில் பூனையே கதை சொல்கிறது. யாரும் பெயர் வைக்காமலே வாழ்ந்து, பெயர் இல்லாமலே அது இறந்துபோகிறது. எங்களுக்கு மிகுந்த வருத்தம் தந்த கதை இதுதான்.

பெயர் சூட்டும் முறை

பூனைக்குத் தன் பெயர் தெரியுமா? தெரியும். ஜப்பானிய ஆய்வாளர் அத்சுகோ சைட்டோவும் அவர் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டுப் பூனைகள் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன. ஆனால் அழைத்தவுடன் வருவது வேறு விஷயம்!

ஆகவே பெயர் இரண்டு மூன்று எழுத்துக்குள் இருக்க வேண்டும். ‘முல்லை’, ‘ஆதிரை’ போல முடிவில் நீட்டிக் கூப்பிடத் தக்கதாயின் நன்று. ஒரு வாரமாவது பூனையின் குணத்தைப் பார்த்த பிறகே பெயர் வைக்க வேண்டும். புனிதர், பெரியோர் பெயர்களைத் தவிர்க்க வேண்டும். மீனைத் திருடும்போது அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட நேரிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் மூத்தவர் வாயில் நுழையும் பெயராக இருக்க வேண்டும்.

கடைசி விதியை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குச் சாரல் காலத்தில் ஒரு கறுப்புக் குட்டி வந்து சேர்ந்தது. மழை விட்டதும் சந்தையில் விட்டுவிட வேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு. நாங்கள் கூடிப் பேசி ‘யாமம்’ என்று பெயர் சொல்லி அனுப்பினோம். “எமனையா வீட்டுக்குள்ள கூப்பிடுதீய?” என்று ஆச்சி கேட்டுவிட்டார்கள். பிறகு ‘அந்தி’ என்று மாற்றினோம். கறுப்புக்கு முந்திய செந்நிறமும், விளக்கேற்றும் நேரமும் அதில் இருந்ததால் ஆச்சிக்குப் பிடித்துவிட்டது. சில நாட்களில், “அந்தி பால் குடிச்சாளா?” என்று ஆச்சியே கேட்கத் தொடங்கினார்கள். மழை விட்டது, சாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

முடிவுரை

1918 முதல் 1920 வரை அருகிலுள்ள கடையத்தில் வாழ்ந்த பாரதியார், ‘முரசு’ப் பாட்டில் ஒரு வெள்ளைப் பூனையையும் அதன் நான்கு நிறக் குட்டிகளையும் காட்டி, நிறத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்று உணர்த்துகிறார். அக்குட்டிகளுக்கு அவர் நிறம் சொன்னாரேயன்றிப் பெயர் சொல்லவில்லை. அந்த வேலையை நமக்கு விட்டுச் சென்றார் போலும்! தோழியரே, உங்கள் வீட்டுப் பின்கட்டில் பெயரில்லாத குட்டி ஏதேனும் இருந்தால், தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். மழை விடுவதற்குள் ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.